ஒசாகா, கியோட்டோ பேச்சு ஜப்பானிய மொழியின் கொச்சை வடிவமா?

டோக்கியோ வழக்கில் ஜப்பானிய மொழியைப் பயின்று, ஒசாகாவுக்கு வேலைக்கு வரவிருக்கும் ஒருவர், ஒசாகாவும் கியோட்டோவும் அடங்கிய கன்சாய் வட்டாரத்தின் பேச்சு வெறும் கொச்சைதானா, அதைத் தனியே கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கொச்சை அன்று. 794இல் தலைநகரான கியோட்டோவின் பேச்சே பல நூற்றாண்டுகள் மதிப்புக்குரிய மொழியாக விளங்கியது. டோக்கியோவின் படித்த மக்கள் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழி, மெய்ஜி காலத்தில்தான் (1868–1912) உருவாகிப் பள்ளிகளின் வழியே நாடெங்கும் பரவத் தொடங்கியது.

காதுக்கு முதலில் தட்டுப்படுவது சுருதி. ‘ஹாஷி’ என்னும் சொல்லின் முதல் அசையை உயர்த்தி அடுத்ததைத் தாழ்த்தினால், டோக்கியோவில் அது உணவுக் குச்சியையும் ஒசாகாவில் பாலத்தையும் குறிக்கும். ஓரசைச் சொற்களின் குறில் இங்கே நெடிலாகும்: கையைக் குறிக்கும் ‘தெ’ ‘தே’ என்றும், கொசுவைக் குறிக்கும் ‘க’ ‘கா’ என்றும் ஒலிக்கும்.

புதிதாக வருபவர் தடுமாறுவது எதிர்மறை வினையில்தான். ‘போகமாட்டேன்’ என்பதற்கு டோக்கியோவில் ‘இக்கனாய்’, கியோட்டோவில் ‘இக்கஹென்’, ஒசாகாவின் பழைய வழக்கில் ‘இக்கெஹென்’. ஆனால் ரயிலில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள கியோட்டோவில் ‘இக்கெஹென்’ என்றால் ‘போக முடியாது’ என்று பொருள். ஆகவே ஒருவர் மனமில்லாமல் மறுக்கிறாரா, இயலாமையைச் சொல்கிறாரா என்பதை, அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்த பின்னரே உறுதி செய்ய இயலும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹரு’ என்னும் மரியாதை விகுதி. எழுதுவதைக் குறிக்கும் ‘கக்கு’ ஒசாகாவில் ‘கக்கிஹரு’ என்றும் கியோட்டோவில் ‘கக்கஹரு’ என்றும் வரும். பொதுமொழியில், வெளியாரிடம் பேசும்போது தன் வீட்டாரை உயர்த்திச் சொல்வது பிழை; வாடிக்கையாளரிடம் தன் மேலாளரைப் பற்றிக் கூறும்போதும் இதே விதிதான். கியோட்டோவிலோ, குறிப்பாகப் பெண்கள் பேச்சில், சொந்தத் தந்தைக்கும் அழும் கைக்குழந்தைக்கும் தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும்கூட இவ்விகுதி சேரும். ‘அப்பா வெளியே போயிருக்கிறார்’ என்று யாரிடமும் சொல்லிப் பழகிய நமக்குத் தந்தைக்குச் சேர்வது இயல்பாகவே படும்; நாய்க்கும் சேரும்போதுதான், இதில் மரியாதையைவிடப் பரிவே மிகுதி என்பது விளங்கும்.

சொற்களிலும் பொறிகள் உண்டு. டோக்கியோவில் ‘கத்தா’ என்றால் ‘விலைக்கு வாங்கினேன்’. ஒசாகா முதியவர் வாயில் அதுவே ‘இரவல் வாங்கினேன்’ ஆகிவிடும்; விலைக்கு வாங்கியதை அவர் ‘கோத்தா’ என்பார்.

கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்றால் போதும், பேச முயல வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சுருதி பிசகிய கன்சாய் பேச்சு உள்ளூர்க்காரர் காதில் நடிப்பாகவே விழும். தவிர, வழக்கே மாறிக்கொண்டிருக்கிறது. ‘வரமாட்டார்’ என்பதற்கு ஒசாகாவின் பழைய வடிவம் ‘கேஹென்’. இப்போது பலர் டோக்கியோவின் ‘கொனாய்’ என்பதிலிருந்து முதலசையை எடுத்து, அதில் தங்கள் ‘ஹென்’ விகுதியை ஒட்டி ‘கோஹென்’ என்கின்றனர்.