அயல்நாட்டில் அவசர சிகிச்சை: சில கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுப் பயணத்தின்போது உடல்நலம் கெட்டால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: திடீரென நெஞ்சுவலி வந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழைப்பதா, ஆம்புலன்ஸை அழைப்பதா? அனுமதி வாங்காமல் மருத்துவமனைக்குப் போனால் பணம் கிடைக்காது என்கிறார்களே?

பதில்: ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும், இதில் தயங்கவே கூடாது. உயிருக்கு ஆபத்தான வேளையில் முன்அனுமதி வாங்கி வரும்படி பாலிசிகள் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் மருத்துவமனையில் சேர்த்த பிறகு, பாலிசியில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள் நிறுவனத்தின் உதவி மையத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அவசர எண் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. 110 என்பது காவல் துறை. சிங்கப்பூரில் 995; பிரிட்டன் பழக்கத்தில் 999ஐ அழுத்தினால் அங்கே காவல் துறைதான் எடுக்கும்.

எண்ணைவிட முகவரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹோட்டலின் பெயர் நினைவிருக்கும், தெருவின் பெயர் நினைவிருக்காது. ஆகவே அறை எடுத்தவுடனேயே முகவரி அச்சிட்ட அட்டையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகத் தங்கியிருப்பவர் ஆம்புலன்ஸை அழைத்து முடித்ததும் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோவுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: அந்தத் தொகை விசா பெறுவதற்கான குறைந்தபட்ச வரம்பு மட்டுமே, உங்கள் தேவையை வைத்துக் கணக்கிட்டதல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருந்துவிட்டு மருத்துவ விமானத்தில் திரும்ப நேர்ந்தால் அது சீக்கிரமே கரைந்துவிடும். தொகையைப் பார்ப்பதற்கு முன் விலக்குகளைப் படியுங்கள் என்பதே என் ஆலோசனை. முன்பே இருக்கும் நோய், மது அருந்திய நிலையில் நேர்ந்த விபத்து, மலையேற்றம் போன்ற சாகச விளையாட்டு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இதே கடிதத்தில் அமெரிக்காவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, பணம் இருக்கிறதா என்று பாராமல் நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை இலவச சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. பில் பிறகு வரும். அதுவும் மருத்துவமனைக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாக, ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்துக்கூட வரலாம். ஆகவே முதல் பில்லோடு கிளைம் முடிந்தது என்று கையெழுத்திட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் விபத்து மற்றும் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டவருக்கும் கட்டணம் இல்லை, உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் உண்டு.

கேள்வி: 71 வயதான என் தந்தை இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவரை அழைத்துச் செல்லும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: அளவுகளில். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் சொல்வார்கள். செவிலியர் “15” என்று சொன்னால், மில்லிகிராம் கணக்குக்குப் பழகியவர் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாக அஞ்சி இனிப்பைத் தேடுவார்; உண்மையில் அது 270, மிகை. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் பழகிய எண் கிடைத்துவிடும்.

இன்சுலினிலும் இதே சிக்கல் உண்டு. மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்சு வேறு. 40க்கான சிரிஞ்சில் 100ஐ எடுத்து 20ஆம் கோடு வரை நிரப்பினால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். தீர்ந்துபோய் அங்கே வாங்க நேர்ந்தால் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே வாங்குங்கள். கொண்டுபோகும் இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானச் சரக்கறையின் குளிரில் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்துச்சீட்டில் வணிகப் பெயரோடு, மருந்துப் பொருளின் பெயரான மூலப் பெயரும் இருக்கட்டும். மூலப் பெயரும் சில வேளைகளில் மாறும்: பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால்.

கேள்வி: சுற்றுலா சென்ற இடத்தில் குரங்கு பிராண்டி லேசாக ரத்தம் வந்தது. இரண்டு நாளில் ஊர் திரும்புகிறேன். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள்; கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது புரியும். அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ரத்தம் வந்திருப்பதால், முன்பு இத்தடுப்பூசி போட்டிராதவருக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதம்) ஊசியும் தேவை. அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து 7 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலினைப் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசியின் பெயரையும் போட்ட தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டால், மீதி ஊசிகளை ஊரில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: மொழி தெரியாத நாட்டில், உடன் வந்த மகளை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

பதில்: வலி எங்கே என்று சொல்வதற்குச் சரி. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருவதற்கு மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பல இடங்களில் தொலைபேசி வழியாகவே ஏற்பாடு செய்வார்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பயணம் முடிந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு காய்ச்சல் வந்திருக்கிறது. இதற்கும் பயணத்துக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம். மலேரியா கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகே தலைகாட்டும். சில வகைகள் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். இன்றைக்கே மருத்துவரிடம் சென்று, காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் சாப்பிட வேண்டாம்.