கார்பன் டை ஆக்சைடோடு நுரை எதற்கு?

கேள்வி: மிச்ச எண்ணெயை வெளியே கொண்டுவர எண்ணெய் வயல்களில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும்போது நுரையையும் ஏன் சேர்க்கிறார்கள்? வாயுவையே கெட்டியாக்கினால் போதாதா?

பாறைத் துண்டுகளுக்குள் நுரையைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

31 டிகிரி வெப்பமும் சுமார் 74 பார் அழுத்தமும் தாண்டிய ஆழத்தில் கார்பன் டை ஆக்சைடு திரவம்போல அடர்ந்துவிடும். எண்ணெயில் கலந்து அதை உப்பவைத்து இளக்கும். சிக்கல், அதன் பாகுத்தன்மை தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பது. துளைகள் பெரிதான தளர்ந்த பாறை அடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே ஓடிவிடும், மேல்பக்கமாகவும் ஏறிவிடும். மேற்கு டெக்சாஸ் வயல்களுக்கு 1984 முதல் கொலராடோவின் மெக்எல்மோ டோம் என்ற இயற்கை வாயுப் படிவிலிருந்து 800 கிலோமீட்டர் குழாயில் இந்த வாயு வருகிறது. அவ்வளவு செலவில் வந்தது எண்ணெயைத் தொடாமலே பக்கத்துக் கிணற்றில் வெளியேறினால் வயிறு எரியாதா?

தண்ணீரையும் வாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்துவது பழைய வழி. கொஞ்சம் உதவும். ஆனால் கிணற்றைவிட்டுத் தள்ளிப் போனதும் தண்ணீர் கீழே, வாயு மேலே என்று பிரிந்துவிடும். நீங்கள் கேட்டபடி பாலிமர் கரைத்து வாயுவைப் பாகுபோலக் கெட்டியாக்கலாம்தான். ஆனால் அதில் நன்றாகக் கரையும் பாலிமர்களில் பல ஃபுளூரின் சேர்ந்தவை, விலை கட்டுப்படியாகாது.

நுரைக்குத் தேவை தண்ணீரில் சிறிதளவு சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு போல நுரைக்கவைக்கும் பொருள். பாறைத் துளைகளின் குறுக்கே மெல்லிய நீர்ப்படலங்கள் உருவாகி வாயுவின் வேகத்தைக் குறைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். துளைகள் மிகச் சிறிதாக உள்ள பாறையில் தந்துகி அழுத்தம் (துளைக்குள் வாயுவுக்கும் தண்ணீருக்கும் உள்ள அழுத்த வேறுபாடு) அதிகம், படலங்கள் எளிதில் உடையும். தளர்ந்த பாறையில் நிலைக்கும். அதாவது வாயு எந்த வழியில் தப்பி ஓடியதோ அங்கேதான் நுரை வலுவாக நிற்கிறது. எண்ணெயும் பொதுவாக நுரையை உடைக்கும். ஆகவே எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் வாயுவுக்கு வழி கிடைக்கிறது. வெறுமனே கெட்டியான வாயு இப்படி இடம் பார்த்து நடந்துகொள்ளாது.

தொல்லைகளும் உண்டு. சுண்ணாம்புப் பாறையின் பரப்பு பெரும்பாலும் நேர் மின்னூட்டம் கொண்டது, எதிர் மின்னூட்ட சர்ஃபாக்டன்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் சூடும் படலத்தைக் கெடுக்கும். நுரை அதிகமாக வலுத்தால் கிணறு வாயுவையே உள்வாங்காது. பாறை விரிசல் விடும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றவும் முடியாது. நியூ மெக்சிகோவின் கிழக்கு வேக்குவம் வயலில் 1990களில் சோதித்தபோது, வாயு ஓட்டம் மட்டுப்பட்டு வேறு அடுக்குகளுக்குத் திரும்பியது.

அப்புறம் ஒன்று: வாயு அகலமான விரிசல் வழியாக ஓடுகிறதென்றால் நுரை பெரும்பாலும் தாங்காது. அங்கே முதலில் ஜெல் போட்டு விரிசலை அடைப்பார்கள்.