எம்.ஜி.பி.க்கு எந்த கேம் ஷாஃப்ட்? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பெரியப்பா வைத்திருந்த 1966 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இஞ்சினை இறக்கிப் பிரித்தாயிற்று, ரீபோர் வேலை நடக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் விஷயத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்று பார்த்தால் ஸ்டாண்டர்டு, 270 டிகிரி, 285 டிகிரி என்று மூன்று இருக்கின்றன. கோவை நண்பர் ஒருவர் "285 போடு, வண்டி பறக்கும்" என்கிறார். மெக்கானிக் அண்ணன், பழையதையே கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம், செலவு மிச்சம் என்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரை போவேன். வருடத்தில் சில தடவை கொடைக்கானல். ரேஸ் ஓட்டுகிற எண்ணமெல்லாம் இல்லை. எதைப் போடலாம்?

எஸ்., திருநகர், மதுரை

அன்புள்ள எஸ்.,

285 வேண்டாம். 270-க்கும் எனக்கு அரை மனதுதான். ஸ்டாண்டர்டே போதும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

முதலில் ஒரு கணக்கு. எம்.ஜி.பி.யில் டாப் கியரில் இஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. போகும். நான்குவழிச் சாலையில் 80-ல் போனாலும் இஞ்சின் 2,800 சுற்றைத் தொடாது. அழகர்கோவில் ரோட்டில் 60-க்கு மேல் நிம்மதியாக விட முடியுமா? அங்கே 2,000 சொச்சம்தான். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பெரும்பாலும் இரண்டாவது கியர், 30, 40 கி.மீ. வேகம். அது 2,300-லிருந்து 3,000 சுற்று. உங்கள் 1966 வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓடும்போது கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் திணறினால் சட்டென்று முதல் கியருக்கு இறங்க முடியாது, கர்ரென்று பல் கடிக்கும். இரண்டாவது கியரிலேயே இழுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து, ஊர் போய்ச் சேரும்போது இஞ்சின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும்.

கம்பெனி போட்டுக் கொடுத்த கேமில் இழுவை உச்சத்துக்கு வருவது 3,000 சுற்றில். நீங்கள் மலையில் ஓட்டுகிற இடமும் அதுதான். 285 கேமின் பலன் தெரிவதெல்லாம் மேல் சுற்றுகளில். அதற்குக் கீழே, அதாவது உங்கள் பயணம் முழுக்க, ஸ்டாண்டர்டை விட இழுவை குறைவாகத்தான் இருக்கும்.

அந்த டிகிரி என்பது, வால்வு திறந்ததிலிருந்து மூடும் வரை கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கு. ஸ்டாண்டர்டு எம்.ஜி.பி. கேமில் 252. பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே இன்லெட், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும் வால்வு, திறந்துவிடும். பிஸ்டன் அடிமட்டம் தொட்டு, கிராங்க் மேலும் 56 டிகிரி திரும்பிய பிறகுதான் மூடும். இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இந்தத் தாமதம் நல்லது, பாய்ந்து வரும் கலவை அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைந்துகொள்ளும். மெதுவாகச் சுற்றும்போது அந்தப் பாய்ச்சல் இல்லை. மேலே ஏறும் பிஸ்டன், வாங்கிய கலவையில் கொஞ்சத்தைக் கார்புரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். கேமின் டிகிரி கூடக்கூட இந்த நஷ்டமும் கூடும்.

இது எல்லா இஞ்சினுக்கும் பொது. எம்.ஜி.பி.க்கென்றே தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது. கழற்றி வைத்திருக்கும் ஹெட்டை மேனிஃபோல்டு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டே இரண்டு. 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. சிலிண்டர்கள் வேலை செய்யும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2. ஆகவே 3 இழுத்து முடிப்பதற்குள் அதே வழியில் 4 இழுக்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் 2 முடிப்பதற்குள் 1. ஒரே குழாயடியில் இரண்டு குடம் மாதிரிதான். இந்த ஜோடியின் இரண்டு இன்லெட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று தெரிய, கேமின் டிகிரியில் 180-ஐக் கழித்தால் போதும். ஸ்டாண்டர்டில் 72. 285-ல் 105. அந்த நேரம் பூராவும் ஒன்றின் பங்கில் இன்னொன்று கை வைக்கும். அதனால் சிலிண்டருக்குச் சிலிண்டர் தனி இன்லெட் உள்ள இஞ்சினில் 285 செய்கிற காரியத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் நண்பர் பறந்தது எந்த இஞ்சினில் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஒரே சிலிண்டரில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் இப்படித்தான். ஸ்டாண்டர்டில் 37 டிகிரி, 285-ல் ஏறத்தாழ அதில் இரண்டு மடங்கு. ஸ்லோ ஸ்பீடு ஒழுங்காக நிற்காது. கோரிப்பாளையம் சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அந்த உறுமல் சத்தம் சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அதற்காகக் கொடைக்கானல் ஏற முடியாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

270 ஆசை விடவில்லை என்றால் போடுங்கள், கெட்டுப்போகாது. ஆனால் ஒரு கம்பெனியின் 270-ஐ இன்னொரு கம்பெனியின் 270-ஓடு ஒப்பிடாதீர்கள். வால்வு எவ்வளவு தூக்கியதிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. 0.050 அங்குலத் தூக்கலில் எத்தனை டிகிரி என்று கேட்டு வாங்கி, அதை வைத்துப் பாருங்கள்.

மெக்கானிக் அண்ணன் சொல்வதில் பாதி சரி. பழைய கேம் நன்றாக இருந்தால் புதிது எதற்கு? டயல் கேஜ் வைத்து கேமின் எட்டு லோபையும் (வால்வைத் தூக்கும் புடைப்புகள்) அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 6.5 மி.மீ. அளவுக்குத் தூக்க வேண்டும், எட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்புறம் லோபின் மேல் உட்கார்ந்து அந்தத் தூக்கலை வால்வுக்குக் கடத்தும் டேப்பட்டுகளில் இரண்டை அடியோடு அடி சேர்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். நடுவில் ஒட்டி, ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்ல டேப்பட். டேப்பட்டின் அடி லேசாகப் புடைத்திருப்பதால்தான் ஓடும்போது தானே சுழன்று எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். ஓரம் ஒட்டி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது. அதோடு ஓடிய லோபும் போயிருக்கும். நன்றாக இருந்தால் எந்த டேப்பட் எந்த லோபில் ஓடியதோ அதற்கே திரும்பப் போக வேண்டும், இப்போதே நம்பர் போட்டு வைத்துவிடுங்கள். தேய்ந்துவிட்டால் கிரைண்டிங் யோசனையை நான் ஏற்க மாட்டேன். கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் சீக்கிரமே தேயும். புது கேமும் புது டேப்பட்டும் சேர்த்து வாங்குங்கள். புது கேமுக்குப் பழைய டேப்பட் கூடவே கூடாது.

அவர் அம்பாசடரில் கை பழகியவராக இருந்தால் எனக்குப் பாதி கவலை விட்டது. பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினும் உங்கள் 1798-ம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) செய்த ஒரே பி-சீரிஸ் வம்சம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேப்பட் எடுப்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேம் டைமிங்கை மட்டும் செயின் சக்கரங்களின் புள்ளிக்குப் புள்ளி வைத்து முடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிராங்கில் டிகிரி தட்டை மாட்டி, முதல் சிலிண்டரின் இன்லெட் முழுதாகத் திறப்பது உச்சியிலிருந்து 110 டிகிரி தாண்டியா என்று பார்க்க வேண்டும். இது ஸ்டாண்டர்டு கேமின் கணக்கு, வேறு கேம் என்றால் அதனோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் ஆஃப்செட் சாவி (சக்கரத்தைக் கேமோடு பூட்டும், சற்றே விலகிய கட்டை) போட்டுச் சரிசெய்யலாம்.

கேமில் மிச்சமாகும் பணத்தை வால்வு சீட்டிலும் கைடிலும் போடுங்கள்.

புது கேம் என்றால் முதல் ஸ்டார்ட்டில் கவனம் வேண்டும். லோபுகளுக்கு எண்ணெய் கிராங்க் தெறிப்பதில்தான் கிடைக்கிறது, ஸ்லோ ஸ்பீடில் அது போதாது. லோபிலும் டேப்பட் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் ஏற்றிக்கொள்ளுங்கள். துத்தநாகம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயில். இக்னிஷன் டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்து முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆனதும் 2,000 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடம், நடுவில் இறக்காமல். மதுரை வெயிலில் நின்ற இடத்தில் இஞ்சின் கொதிக்கும், ஆகவே விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், ரேடியேட்டர் முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேனும் இருக்கட்டும். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, இஞ்சின் ஆறிய பிறகு டேப்பட் இடைவெளியை 15 தௌவுக்கு (0.015 அங்குலம்) வைக்கச் சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அப்போது ஏதாவது ஒரு டேப்பட்டில் மட்டும் இடைவெளி நிறையக் கூடியிருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள்.