திருவிழா இரவில் ஒரு த்ரில்லர்: ஐந்து கதை, ஒரே ஊர் (கேள்வி பதில்)

ஒரே ஊரில், ஒரே திருவிழா இரவில் பலருடைய கதைகள் பின்னிக்கொள்ளும் உளவியல் த்ரில்லர் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. களம் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு புரியும் என்பதால், எல்லாப் பதில்களுக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, எத்தனை கேரக்டர் தாங்கும்? என்கிட்ட ஒன்பது பேர் இருக்காங்க.

ஐந்து பேர் போதும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம். ஒன்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதின்மூன்று பக்கம். அறிமுகத்துக்கே நான்கு போய்விடும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 24 பக்கம் கிடைக்கும். மீதி நால்வரைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்தவர் கதையில் சாட்சியாகவோ எதிராளியாகவோ இறக்கிவிடுங்கள்.

திருவிழா பார்க்க வந்தவர்களை விட, திருவிழாவில் வேலை இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். லாட்ஜ் மேனேஜர், கண்காணிப்புக் கேமரா அறையில் உட்கார்ந்திருக்கும் ஏட்டு, அழகருக்குப் படைக்கும் சர்க்கரைச் செம்பு விற்கும் அம்மா, அரசு மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையோடு அழகர் வேஷம் கட்டிய இளைஞன். இவர்கள் நினைத்த நேரத்துக்கு இடத்தை விட்டு நகர முடியாது. த்ரில்லருக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: கதை எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடியணும்? பத்து நாள் விழாவையும் காட்டணும்னு ஆசை.

ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமாவடியில் எதிர்சேவை (அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது) நடக்கும் காலையில் தொடங்கி, மறுநாள் விடியலில் அழகர் வைகையில் இறங்குவதோடு முடித்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள் வரும். இந்தப் பாதையில் ஒரு கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அழகர்கோவிலில் இருந்து வரும் வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் (சாமி நின்று மரியாதை ஏற்கும் பந்தல்கள்), ஒவ்வொன்றிலும் நிற்பார். எங்கே தாமதம் ஆனாலும் அடுத்ததெல்லாம் தள்ளிப்போகும். 'சாமி புதூர் தாண்டிட்டாரா?' என்று ஒருவர் கேட்டாலே பார்ப்பவருக்கு மணி தெரிந்துவிடும், திரையில் நேரத்தை எழுத்தில் போட வேண்டியதில்லை.

முதலில் ஒரு சார்ட் அட்டையில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் அரை மணிக்கு ஒரு வரிசை, மேலே ஐந்து பெயர். யார் எப்போது எங்கே என்று நிரப்புங்கள். திரையில் வராத நேரத்தையும் நிரப்ப வேண்டும். பார்ப்பவருக்கு நீங்கள் காட்டாமல் விடும் கட்டத்தில்தான் மர்மம் இருக்கிறது. அந்தக் கட்டம் உங்களுக்கே காலியாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு கதை நொண்டும்.

இன்னொன்று, ஆண்டை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். மீனாட்சியம்மன் தேரோட்டத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் உள்ள இடைவெளி மாறும். 2024-ல் ஏப்ரல் 22 தேர், மறுநாளே ஆறு. 2025-ல் மே 9 தேர், மே 12 ஆறு. மாசி வீதியில் தேர் இழுத்தவனை அன்றிரவே, ஆற்றில் இறங்குமுன் அழகர் தங்கும் தல்லாகுளத்தில் நிறுத்தினால், எந்த ஆண்டு என்று மதுரைக்காரர் கேட்பார்.

கேள்வி: எல்லாரும் எல்லாரையும் தற்செயலா சந்திக்கிறாங்கன்னு விமர்சனம் வருது. எப்படித் தவிர்ப்பது?

சிக்கலைத் தொடங்கி வைக்க ஒரு தற்செயல் இருக்கலாம். சிக்கலை அவிழ்க்க ஒன்றுகூடக் கூடாது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே 'அதனால்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 'அதே நேரத்தில்' என்றுதான் வருகிறது என்றால் கண்ணி அறுந்திருக்கிறது.

ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். லாட்ஜ் மேனேஜர் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அதனால் ஒரு குடும்பம் தல்லாகுளத்தில் நடைபாதையில் படுக்கிறது. அதனால் அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தை காணாமல் போகிறது. அதனால் கேமரா அறை ஏட்டு, மைக்கில் அறிவிக்கத் திரையை விட்டு எழுந்து போகிறார். அதனால் பதினொரு நிமிடம் யாரும் திரையைப் பார்க்கவில்லை. குற்றம் நடப்பது அந்தப் பதினொரு நிமிடத்தில். லாட்ஜ் மேனேஜருக்கும் குற்றவாளிக்கும் எந்த உறவும் இல்லை, இருந்தாலும் அவர் காரணம். இதை அவர் உணர்கிற காட்சிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குங்கள், வசனம் குறைவாக.

கேள்வி: உளவியல் த்ரில்லர் என்றாலே கடைசியில் 'எல்லாம் அவன் மனப்பிரமை' என்று முடிக்கிறார்கள். வேறு வழி?

அது ஏமாற்று வேலை. மனநோயைத் திருப்பமாக வைப்பதை விட, நல்ல மனநிலையில் உள்ளவரின் மூளையே எங்கெல்லாம் தவறுகிறது என்று பாருங்கள். சரக்கு அங்கேதான் நிறைய.

தூக்கத்தில் இருந்து தொடங்குங்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரோடு ஒப்பிடும் அளவுக்கு இறங்கிவிடும். நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்கான வரம்பு 0.03. உங்கள் ஐந்து பேரில் மூவராவது விடிய விடியக் கண் மூடாதவர்கள்.

அடுத்தது அடையாளம். 1975-ல் ஆஸ்திரேலியாவில் டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளரைப் பாலியல் வன்முறைக் குற்றவாளி என்று பாதிக்கப்பட்ட பெண் அடையாளம் காட்டினார். குற்றம் நடந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சியில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். தாக்கப்படுவதற்கு முன் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நிகழ்ச்சியைத்தான். திரையில் கண்ட முகம் குற்றவாளியின் முகமாகப் பதிந்துவிட்டது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

இதை மதுரைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே மாதிரி தலைப்பாகை, சரிகை உடுப்பு, தோளில் தோல்பை என நூற்றுக்கணக்கான பேர் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறார்கள். செம்பு விற்கும் அம்மா சாயங்காலம் சில்லறைக்குச் சண்டை போட்ட ஒருவனின் முகத்தை, அதிகாலையில் ஓடிய வேறொருவனின் உடலில் பொருத்திவிடுகிறார். முழு நம்பிக்கையோடு சாட்சி சொல்கிறார். நியாயமாக ஆட வேண்டுமானால் சில்லறைச் சண்டையை முதல் இருபது பக்கத்துக்குள் பார்ப்பவருக்கும் காட்டிவிடுங்கள். அவர்களும் அம்மாவோடு சேர்ந்தே தவறட்டும்.

கேள்வி: ஒரு போன் பண்ணினா கதை முடிஞ்சிடுமே சார்?

கூட்டத்தில் சிக்னல் நெரிசல் உண்மைதான். ஆனால் அதை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தினால் சலிப்பு. அழைப்பு போகட்டும், வேட்டுச் சத்தத்திலும் கொட்டுச் சத்தத்திலும் ஒரு சொல் தவறாகக் கேட்கட்டும். வைகை மேல் உள்ள ஏவி பாலத்தைச் சொல்லி 'ஏவி பாலத்துக்கு மேல' என்றதை 'பாலத்துக்குக் கீழ' என்று கேட்டவன் ஆற்று மணலுக்குள் இறங்கிவிட்டால், அந்தக் கூட்டத்தில் திரும்பி ஏற அரை மணி ஆகும்.

கேள்வி: ஒரு கதையில் இருந்து இன்னொரு கதைக்கு எப்படித் தாவுவது? குழப்பம் வருதே.

பொதுச் சத்தம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவல் உதவி மையத்தின் 'காணவில்லை' அறிவிப்பு நல்ல கயிறு. ஒலிபெருக்கிக்கு அடியில் நிற்பவருக்குக் காது கிழிகிறது, லாட்ஜ் அறையில் மங்கலாக, மருத்துவமனை வராந்தாவில் குழந்தையின் சட்டை நிறம் மட்டும் கேட்கிறது. ஐவருக்கும் ஒரே வினாடி என்பது தெளிவாகிவிடும். இரண்டு முறை போதும். மூன்றாவது முறை உத்தி பல்லிளிக்கும்.

கேள்வி: இருட்டில் துரத்தல் காட்சி வெச்சிருக்கேன். ஓகேவா?

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இரவு அது. வழியெல்லாம் சீரியல் பல்ப். இருட்டு வேண்டுமானால் சந்துக்குள் போங்கள்.

கேள்வி: முடிவில் ஐந்து பேரும் ஆற்றில் ஒன்று சேரணுமா?

வேண்டாம். இருவர் சேர்ந்தால் போதும். நர்ஸின் கதை வார்டிலேயே முடியட்டும், ஏட்டின் கதை அந்த அறையிலேயே முடியட்டும். ஆற்றில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தின் பதற்றம் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: நிஜத் திருவிழாவிலேயே படம் பிடிக்கலாமா?

அனுமதி வாங்கி, கூட்டத்தின் அகலக் காட்சிகளை மட்டும் அங்கே எடுங்கள். நடிப்பை வேறு நாளில், வேறு தெருவில், நெருக்கமான லென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது பட்டு நிறத்தில். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று ஊரே காத்திருக்கும். ஆகவே நிறத்தைச் சொல்லும் வசனம், மேலே பார்க்கும் முக நெருக்கக் காட்சி, டிவி செய்திக் காட்சி மூன்றையும் விழா முடிந்தபின் எடுங்கள். முன்பே பச்சை என்று பேச வைத்துவிட்டு அன்று சிவப்பு வந்தால், டப்பிங்கில் உதட்டசைவு பொருந்தாது.