ரோபோ போல்ட் முடுக்கும்போது மரை மாறி ஏறினால் அதற்கு எப்படித் தெரியும்?

கையால் முடுக்குபவருக்கு விரலே சொல்லிவிடும், ரோபோவுக்கு எது சொல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். டார்க், அதாவது முறுக்கு விசை, மட்டும் பார்த்தால் போதாது, சுழன்ற கோணமும் வேண்டும். சாதாரண எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டின் மரை இடைவெளி 1 மி.மீ. ஆக, 12 மி.மீ. இறங்க 12 சுற்று. மூன்றாவது சுற்றிலேயே 10 நியூட்டன் மீட்டர் வந்துவிட்டால் மரை மாறி ஏறியிருக்கிறது, அல்லது ஓட்டைக்குள் பிசிறு கிடக்கிறது. 12 சுற்றும் தாண்டி டார்க் ஏறவே இல்லையா? மரை போய்விட்டது. இரண்டிலும் கன்ட்ரோலர் நிறுத்திவிடும்.

ஆனால் அது நடந்தபின் பிடிப்பது. முதலில் மெதுவாக ஒரு சுற்று பின்னோக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். மரை பொருந்துமிடத்தில் போல்ட் லேசாக ‘டக்’கென்று இறங்கும், பிறகு முன்னோக்கி. நல்ல மெக்கானிக் ஸ்பார்க் பிளக் மாட்டுவதும் இப்படித்தான். போல்ட் ஏறும் ஹவுசிங் (வெளிக்கூடு) அலுமினியம் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.