மருந்து இலவசமாகக் கிடைத்தும் ஏழைகள் காசநோய்ச் சிகிச்சையைப் பாதியில் விடுவது ஏன்?

அறியாமைதான் காரணம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியரும் மானுடவியலாளருமான பால் ஃபார்மர், ஹைட்டி நாட்டில் நோயாளிகளிடையே வாழ்ந்து ஆராய்ந்து இதை மறுத்தார். அவர் பணியாற்றிய காஞ்ச் என்னும் மலைக்கிராமம், 1950களில் பெலீக்ர் அணை கட்டப்பட்டபோது வயல்களை நீருக்குப் பறிகொடுத்து மேட்டில் குடியேறிய உழவர்களின் ஊர்.

காசநோயாளிகள் அனைவருக்கும் மருந்தை இலவசமாக வழங்கிய அவருடைய குழு, ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவுக்கும் போக்குவரத்துக்கும் மாதந்தோறும் சிறு தொகை தந்ததோடு, கிராம சுகாதாரப் பணியாளர்களை அவர்கள் வீட்டுக்கே அனுப்பிவைத்தது. அப்பிரிவில் ஏறத்தாழ அனைவரும் குணமடைந்தனர்; மருந்தை மட்டும் பெற்றவர்களிலோ பாதிப் பேர் அளவுக்கே குணமடைந்தனர். கரடுமுரடான பாதையில் பல மணி நேரம் நடந்து, அன்றைய கூலியையும் இழந்து, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிக் குமட்டலோடு திரும்புகிறவரை, ஒத்துழைக்காத நோயாளி என்று கோப்பில் குறிப்பது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். பில்லிசூனியத்தால் நோய் வந்ததாக நம்புவது சிகிச்சையைத் தொடர்வதற்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. அப்படி நம்பியவர்களும், உதவி கிடைத்தபோது, மருந்தை முழுமையாக உட்கொண்டனர்.