கற்பனை உலகின் படைக்கு அணிவகுப்பு இசையை எப்படி உருவாக்குவது?

உங்கள் கதையில் வரும் மலைநாட்டுப் படைக்குத் தனி இசை மரபு வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் கால்களைப் பாருங்கள். அணிவகுப்பு இசையின் வேகத்தை நடைதான் முடிவு செய்கிறது. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு ராணுவப் பிரிவான அந்நியர் படை நிமிடத்துக்கு 88 அடி வைக்கிறது, அந்த நாட்டின் மற்ற படைகள் ஏறத்தாழ 120. அந்த மெதுவான நடையே அதன் பாடல்களுக்கு ஒரு கனத்தைத் தருகிறது. செங்குத்தான பாதையில் சுமையோடு ஏறுகிறவர்களுக்கு இன்னும் மெதுவான தாளம்கூடப் பொருந்தும்.

அடுத்தது தாளம். மனிதனுக்கு இரண்டு கால், அதனால்தான் அணிவகுப்புகள் பெரும்பாலும் இரண்டு எண்ணிக்கையிலோ நான்கு எண்ணிக்கையிலோ ஓடுகின்றன. அடிக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்து ஐந்தில் அமைத்தால், அழுத்தம் ஒருமுறை இடது காலிலும் மறுமுறை வலது காலிலும் விழும். இதை விட்டுவிடாதீர்கள், கதைக்கு அருமையான விஷயம்! அந்தத் தாளத்தில் பழகாத ஒற்றன் வரிசையில் புகுந்தால் அவன் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிகள், அந்த மண்ணில் கிடைக்கும் தோல், மரம், கொம்பு இவற்றிலிருந்து வரட்டும். திறந்த வெளியில் தூரம்வரை கேட்க வேண்டுமே. ஒட்டோமான் பேரரசின் மெஹ்தர் எனும் படை இசைக் குழுக்கள் பெருமுரசையும் உரத்த நாணல் சீவாளிக் குழலையும் வைத்திருந்தது அதனால்தான். நரம்புக் கருவியைப் பாசறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னேறு, நில், பின்வாங்கு என்ற ஆணைகளுக்குத் தனித்தனிக் கொம்பொலி வையுங்கள். எதிரி அதைக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.